ஏவூர்தி: முக்காலமும் அடங்கிய ஒரு சொல்

ஏவூர்தி என்பது வினைத்தொகை. ஏவிய, ஏவுகின்ற, ஏவும் என முக்காலமும் அச்சொல்லுள் அடங்கும். அதன் இறந்தகாலத்தை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

கடுங்குளிர் எந்திரங்களையும் அவற்றின் தொழில்நுட்பத்தையும் பெற, இந்தியா 1991இல் சோவியத் நிறுவனமொன்றுடன் உடன்பாடு கண்டது. ஏவுகணைப் பரவலைக் காரணங்காட்டி அமெரிக்கா 1992இல் தடை விதித்தது. மறு ஆண்டே ரஷ்யா நுட்பத்தைத் தர மறுத்து, எந்திரங்களை மட்டும் தர இசைந்தது. நீர்ம ஹைட்ரஜனைச் சுழிக்குக் கீழே 253 பாகை செல்சியசில் காத்து, பின் எரித்து உந்துவிசையாக்கும் நுட்பத்தை இந்திய அறிவியலாளர் தாமே வளர்த்தெடுத்தனர். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் எந்திரத்தைப் பலமுறை இயக்கிச் சோதித்தனர். 2010 ஏப்ரல் 15இல் அது சுமந்து சென்ற முதல் ஏவூர்தி கடலில் வீழ்ந்தது. 2014 ஜனவரி 5இல் வெற்றி கிட்டியது.

வணிக ஏவுதலோ, கடுங்குளிர் எந்திரம் வேண்டாத பி.எஸ்.எல்.வி. வழியாக, 1999 மே 26இலேயே ஜெர்மானிய, கொரியச் செயற்கைக்கோள்களுடன் தொடங்கியிருந்தது. 2015 டிசம்பர் 16இல் சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏந்திச் சென்றதும் அவ்வகை ஏவூர்தியே.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றைக் கற்பிக்கையில் 2010ஐயும் சேர்த்தே கற்பிக்க வேண்டுகிறோம். அதனை விடுத்தால், மாணவர் முக்காலத்துள் ஒன்றை இழப்பர்.