தேயிலைப் பெட்டியில் கட்டிய வீடு

1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் சிலோன் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எங்கள் உடைமைகளைப் பற்றி மிகக் கொஞ்சமே பேசப்பட்டிருக்கிறது. சிலோனை விட்டுப் போகும் ஒரு குடும்பம், சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தன் சொத்தைக் கொண்டுபோகலாம். அதற்கான உச்சவரம்பை நான்காயிரம் ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் தலைக்கணக்கு. சிலோனில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சிலோன் மலைத் தோட்டங்களில் உழைத்த சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். எழுபதுகளின் நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளையாக நீலகிரிக்கு வந்தேன், பந்தலூர்ப் பக்கம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இங்கே எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. அந்த ஒப்பந்தம் ஒரு லயத்து வீட்டுக்குள் வந்து இறங்கியபோது அங்கே சாமான் எப்படிக் கட்டப்பட்டது என்பதை எழுதி வைத்தவர்கள் குறைவு. ஓய்வுக்குப் பிறகு வயதானவர்களைப் பார்க்கும்போதெல்லாம் "வரும்போது பெட்டியில் என்ன வச்சீங்க?" என்று கேட்டு எழுதி வருகிறேன். ஒப்பந்தத்தைக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறவர்கள், பெட்டியைக் கேட்டால் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

முதலில் சிலோனுக்குப் போனவர்கள் எதைக் கொண்டு போனார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு நடை தீர்ந்தது. மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து அம்மை குத்தி, நோய் இல்லையென்று பார்த்து அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்ட ஒரு காலத்தில் தகரத் துண்டில் எண் அடித்துக் கொடுத்தார்கள். என் அப்பாயியின் மாமியார் கொண்டு போனது ஒரு துணி மூட்டை, ஒரு செம்பு, ஊர்க் கோயிலில் எடுத்த பிடிமண். அந்த மண்ணை வைத்துத்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட ஆரம்பித்தார்களாம். மூன்று தலைமுறைக்குப் பிறகு அதே கடலை மறுபடி தாண்டுகிறபோது, இடையில் சேர்ந்ததையெல்லாம் எதில் அடைப்பது என்ற கேள்வி வந்தது.

லயத்துக் காம்பரா, அதாவது அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அதற்குள் எவ்வளவு இருக்கப்போகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் இருந்தவை: பித்தளை அண்டா, இரண்டு குண்டான், தோசைக்கல், ரொட்டிக்கல், அம்மி, ஆட்டுக்கல், உரல், தண்ணீர் வாளிகள், ஆளுக்கொரு கம்பளி, கொழுந்துக் கூடைகள், இடுப்பில் கட்டும் படங்கு, கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, சாமி படங்கள், தாத்தாவின் போட்டோ, ஒரு ரேடியோ. வெளியே கோழிக்கூடு, ஒரு பசு, லயத்துக்குப் பின்னால் சின்ன மரக்கறித் தோட்டம், அப்பா வைத்த கொய்யா.

சாமான் கட்டும் கலையில் எங்களுக்கு வாய்த்த பெரிய வசதி தேயிலைப் பெட்டி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெல்லிய பிளைவுட் பலகை, விளிம்புகளில் ஆணி அறைந்த தகரப் பட்டை, உள்ளே ஈரம் புகாமல் ஈயத்தாள். நூறு ராத்தல் அளவுக்குத் தேயிலை பிடிக்கும். அந்தச் சுமையோடு மலையிறங்கி, கொழும்புத் துறைமுகத்தில் ஏறி, லண்டன் வரைக்கும் போய்ச் சேர்வதற்காகவே செய்த பெட்டி அது. தேயிலையைக் கொட்டிய பிறகு அங்கே அது வீணாகவில்லை. இங்கிலாந்தில் வீடு மாறுகிறவர்கள் பல காலம் தட்டுமுட்டுச் சாமான்களை இதே பெட்டிகளில்தான் அடைத்தார்கள். தோட்டத்தில் மூலை உடைந்து கழித்துப் போட்ட பெட்டிகள் ஃபேக்டரியில் கிடைக்கும். பயணம் உறுதியான வீட்டுக்காரர்கள் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வைத்து வாங்குவார்கள். தகரப் பெட்டி ஹட்டன் கடையில் வாங்கியது. அதில் துணியும் நல்ல சாமானும். பலகைப் பெட்டியில் பாத்திரம்.

எங்கள் வீட்டில் கட்டும் பொறுப்பு அப்பாயியுடையது. அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் சட்டி, சட்டிக்குள் டம்ளர்கள். இடைவெளி எதுவும் காலியாக இருக்கக் கூடாது. அதில் சேலை, வேட்டி, பிள்ளைகளின் சட்டை. அசைந்தால் நசுங்கும், அசையாத மாதிரி அடைத்தால் எத்தனை பேர் தூக்கி எறிந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது அவர் சித்தாந்தம். ரேடியோவைக் கம்பளியில் சுருட்டி, கம்பளியைப் பாயில் சுருட்டி, பாயைச் சாக்கில் தைத்தார். வழிக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தனி வாளியில். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, சேமலாப நிதிக் காகிதங்கள், பிறப்புச் சான்றுகள் எதுவும் பெட்டிக்குள் போகவில்லை. துணிப்பையில் வைத்து அம்மாவின் இடுப்பில் கட்டிவிட்டார். அந்தப் பை மண்டபத்தில் இறங்கும் வரைக்கும் அவிழவில்லை.

இந்த அறிவெல்லாம் முன்னால் போனவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து வந்தது. எங்கள் லயத்துக்கு இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால் யாராவது உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். தலைமன்னாரிலும் ராமேஸ்வரத்திலும் கஸ்டம்ஸ்காரர்கள் பெட்டியைத் திறப்பார்கள், ஆகையால் காட்ட வேண்டியதை மேலே வையுங்கள். ஆணி அறைந்து மூடாதீர்கள், கயிறு போடுங்கள். அடைத்ததை வெளியே எடுத்தால் திரும்ப அடைக்க அங்கே நேரம் கிடைக்காது. மலைக்குப் போகச் சொல்லி எழுதியிருந்தால் கம்பளியை விட்டுவிடாதீர்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் குடும்பத் தலைவர் பெயரையும் அட்டை எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். சிலோன், இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்களும் செய்திருக்க வேண்டிய வழிகாட்டலை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு தொழிலாளிகள் நீலக் கடிதத் தாளில் செய்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

பெட்டிக்குள் போகாதவை வேறு கணக்கு. பசுவைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். போகிறவன் விற்கிற மாடு என்றால் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோழிகளைக் கடைசி வாரத்தில் அடித்துச் சமைத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் அத்தை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்று எழுதுவது எளிது. அத்தை என் அப்பாவின் சொந்தத் தங்கை. அவர் கட்டிக்கொண்ட வீட்டுக்குச் சிலோன் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட். விண்ணப்பித்த நேரத்தில் யார் எந்தப் பக்கம் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே இஸ்தோப்பில் விளையாடிய அண்ணனும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ஆகவே சாமான் கட்டுவது பாகம் பிரிப்பதாகவும் ஆனது. இரண்டு குண்டானில் ஒன்று அத்தைக்கு. தாத்தாவின் போட்டோ ஒன்றுதான் இருந்தது. அதை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது அப்பா வெளியே எழுந்து போனார். கடைசியில் ஹட்டன் ஸ்டூடியோவில் கொடுத்து இன்னொரு பிரதி எடுத்தார்கள். நாங்கள் செய்த செலவுகளிலேயே மிகச் சரியான செலவு அதுதான் என்பேன்.

தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பெயர் வெட்டியானதும் புறப்பட வேண்டியதுதான். ஹட்டனில் நாங்கள் ஏறிய மாதிரியான வண்டியை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் ரயில் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடியும் வரை ஓடி வருவார்கள். பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் துறை. அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. அங்கே இறங்கி, முன்னோர் போகும்போது தங்கிய அதே மண்டபம் முகாமுக்கு நாங்கள் வரும்போதும் போனோம்.

அந்த முகாமில்தான், கட்டி வந்த சாமான் சரியா தப்பா என்பது தெரிந்தது. தேயிலை வேலைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் நீலகிரிக்கு வந்தார்கள். 1968-இல் வனத்துறை தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுக்கத்தான் வந்தது. எழுபதுகளின் நடுவில் அது டான்டீ என்ற தனி நிறுவனமானது. பந்தலூர் மழையில் இறங்கிய முதல் நாளே நாங்கள் கம்பளியைப் பிரித்துப் போர்த்திக்கொண்டோம். கூடை, படங்கு, கத்தி எல்லாம் அடுத்த வாரமே வேலைக்கு வந்தன. எங்கள் பெட்டி எங்களுக்கு உதவியது.

ஆனால் பல ஆயிரம் குடும்பங்களுக்குக் கிடைத்தது வியாபாரக் கடன், ஐயாயிரம் ரூபாய். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒரு பெண்ணைத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலில் கொண்டுபோய் இறக்கி, கடை வை என்றார்கள். அவள் மூட்டையிலும் கம்பளி இருந்தது, கவ்வாத்துக் கத்தி இருந்தது. கடன் பணம் தரகர்கள் கைக்கும் சாப்பாட்டுக்கும் போனது. பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. குளிர் தெரிந்த உடம்பு குளிரைத் தேடும். பலர் கொடைக்கானல் மலைக்கு ஏறி, மரம் வெட்டும் கங்காணிகளிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள். பிற்பாடு அங்கிருந்து மீட்கப்பட்டு நீலகிரிக்கு வந்த ஒரு பாட்டியிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "பெட்டி நல்லாத்தான் கட்டினோம் டீச்சர். இறக்கி வச்ச எடம்தான் சரியில்ல" என்றார். திட்டம் போட்டவர்கள் இந்த மக்களுக்கு என்ன வேலை தெரியும் என்று அவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்திருந்தாலே போதும்.

எங்களுக்குக் கட்டுவதற்காவது நேரம் இருந்தது. 1977 ஆகஸ்டில் கலவரம் வந்தபோது தோட்டங்களிலிருந்து ஓடியவர்களுக்கு அதுவும் இல்லை. லயங்கள் எரிந்தன, உடுத்திய துணியோடு வவுனியாப் பக்கம் போனார்கள். 1983-இலும் அதேதான். அந்தக் குடும்பங்களிடம் என் கேள்வியைக் கேட்டால் பட்டியல் வருவதில்லை. பிள்ளையைத் தூக்கினேன், அவ்வளவுதான் என்கிறார்கள். என் நோட்டில் அவர்களுக்கும் பக்கம் இருக்கிறது. பெயர், தோட்டம், வருஷம், பக்கத்தில் ஒரு வரி.

இன்னொரு கூட்டமும் உண்டு. பாஸ்போர்ட் வாங்கி, பெட்டி கட்டி, முறைக்காகக் காத்திருந்தவர்கள். 1984-இல் கப்பல் நின்றது. அதோடு அவர்கள் பயணமும் நின்றது. என் தாய்மாமன் அதில் ஒருவர். பெயர் எழுதிய பெட்டியோடு அதே லயத்தில் இந்தியப் பிரஜையாக இருந்தார். ஓட்டு இல்லை, இந்தியாவுக்குப் போக வழியும் இல்லை. பாஸ்போர்ட் காலாவதியான பிறகும் ரொம்ப காலம் மாமி பெரிய பாத்திரங்களை வெளியே எடுக்க விடவில்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்பார். 2003-இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அவர்கள் எல்லோரும் அந்த நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். அந்தச் செய்தியைச் சொல்லி மாமா எனக்கு எழுதிய கடிதத்தில் அரசியல் கொஞ்சம்தான். பெட்டியைப் பிரித்ததாகவும், அண்டாவையும் குண்டானையும் புளி போட்டு விளக்கியதாகவும், சின்ன மகள் கல்யாணத்துக்கு அதில்தான் சமைக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். தேயிலைப் பெட்டியின் பலகை நன்றாக இருந்ததால் கோழிக்கூட்டுக்குக் கதவு அடித்துவிட்டாராம்.