சரிந்த மூக்குத்தண்டும் அதைத் தாங்க வந்த பொருள்களும்

மனித மூக்கின் மேற்பகுதி எலும்பாலும் கீழ்ப்பகுதி குருத்தெலும்பாலும் ஆனது. இவ்விரண்டையும் உள்ளிருந்து தாங்கி நிற்பது இரு நாசித் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர். வெளியே தோலும் உள்ளே ஈரமான சளிச்சவ்வும் இவற்றைப் போர்த்தியிருக்கின்றன. புருவங்களுக்கு இடையிலிருந்து நுனி வரை இறங்கும் மேடான முதுகே மூக்குத்தண்டு. இது தாழ்ந்திருப்பதற்கு இருவேறு காரணங்கள் உண்டு. பிறவியிலேயே எலும்பும் குருத்தெலும்பும் தாழ அமைந்திருப்பது ஒன்று. இது நோயன்று, உலகின் பல இனத்தாரின் இயல்பான முக அமைப்பே. அடிபட்டோ நோயால் அரிக்கப்பட்டோ உள்தாங்கல் இடிந்து தண்டு குழிந்துவிடுவது மற்றொன்று. பக்கவாட்டில் குதிரைச் சேணத்தைப் போலத் தோன்றுவதால் மருத்துவர்கள் இதைச் சேணமூக்கு என்பர். தண்டை உயர்த்தும் அறுவை மருத்துவம் கண்ட தோல்விகளில் பல, இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் விளைந்தவை.

மூக்கறுவை என்றதும் இந்திய வாசகருக்குச் சுஸ்ருதர் பெயர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அந்த மரபு அறுபட்ட மூக்கை மீட்பதற்கு உரியது; சரிந்த மூக்கை நிமிர்த்துவதற்கு உரியதன்று. 1794இல் லண்டன் இதழொன்றில் வெளியான, புனேயில் நடந்த மூக்கறுவை ஒன்றின் விவரமும், அதைப் படித்துக் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814இல் செய்து பார்த்த அறுவையும், நெற்றித் தோலை மடித்திறக்கி மூக்காக்கும் முறையையே கையாண்டன. அவ்வாறு அமைந்த மூக்கில் உள்புறம் போர்வையின்றி விடப்பட்டபோது, ஆறும் புண் இறுகி மூக்கு சுருங்கிப்போவது வழக்கமாயிற்று. இந்தூரில் பணியாற்றிய கீகன் என்ற மருத்துவர், மூக்கின் மேலுள்ள தோலை உள்நோக்கி மடித்து உள்ளுறையாக்கித் தம் அனுபவங்களை 1900இல் நூலாக்கினார். உறையில்லாத மூக்கு நிலைக்காது என்ற அந்தப் பட்டறிவு சேணமூக்குக்கும் பொருந்தும் என்பதை மற்றவர்கள் உணரக் கால் நூற்றாண்டுக்கு அருகில் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சேணமூக்கின் முதன்மையான காரணம் சிபிலிஸ் என்னும் மேகநோய். அந்நோயின் முற்றிய நிலையில் நடுச்சுவர் அரிக்கப்பட்டுத் தண்டு அமிழும். ஆகவே காசநோயாலோ விபத்தாலோ மூக்கு சரிந்தவர்களும் ஒழுக்கக்கேட்டின் முத்திரையைச் சுமந்தே நடமாட வேண்டியிருந்தது. நெற்றித் தோலைப் பயன்படுத்தினால் நெற்றித் தழும்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், முகத்தில் வடுவின்றி மூக்கை உயர்த்தும் வழி தேடப்பட்டது. நியூயார்க்கின் ராபர்ட் வியர் 1892இல் வாத்தின் மார்பெலும்பை மூக்கினுள் பொருத்திப் பார்த்ததாக எழுதினார். வேற்று உயிரின் எலும்பை உடல் ஏற்று வைத்துக்கொள்ளவில்லை. பெர்லினின் ஜேம்ஸ் இஸ்ரேல் 1896இல் நோயாளியின் முழங்கால் கீழெலும்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்துத் தண்டில் வைத்தார். இன்றுவரை தொடரும் வழக்கு இங்கே தொடங்குகிறது எனலாம்: தண்டை உயர்த்தும் பொருள் நோயாளியின் உடலிலிருந்தே வரவேண்டுமா, புறத்திலிருந்து வரலாமா?

புறப்பொருளின் பக்கம் முதலில் பெருவெற்றி பெற்றது பாராஃபின். வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விதைகள் நீக்கப்பட்ட ஓர் இளைஞனின் விதைப்பையில் 1899இல் வாசலினை ஊசி வழியே செலுத்தி வடிவம் கொடுத்தார். விரைவில் அதே முறை சேணமூக்குக்கும் வந்தது. வாசலின் உடல் வெப்பத்தில் இளகி நகர்ந்ததால், பெர்லினின் எக்ஸ்டைன் உருகுநிலை கூடிய கெட்டிப் பாராஃபினைப் பரிந்துரைத்தார். கத்தியில்லை, தழும்பில்லை, சில நிமிடங்களில் தண்டு உயர்ந்துவிடும் என்ற கவர்ச்சியால் இம்முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி, நோயுற்றோரைக் கடந்து அழகு வேண்டுவோரையும் எட்டியது. பின்னாளில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீகன், பண்டைய கிரேக்கச் சிலைகளின் நேர்கோட்டுத் தண்டை விரும்பி இளவயதில் மூக்கில் மெழுகு செலுத்திக்கொண்டார். அது காலப்போக்கில் கீழிறங்கிப் பேரழகியென்று புகழப்பட்ட அவர் முகத்தைக் குலைத்தது. செலுத்திய மெழுகைச் சுற்றி உடல் வளர்க்கும் கெட்டிக் கழலைகளுக்குப் பாராஃபினோமா என்று பெயரே ஏற்பட்டது. அவற்றை அறுத்தெடுக்கப் போனால் மேல்தோலும் சேர்ந்து போகும். இதனினும் கொடியது இரத்தக்குழாய் வழி விளைந்த கேடு. மூக்கைச் சூழ்ந்த நுண்குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு தொடர்புடையவை. ஆதலால் ஊசியின் அழுத்தத்தில் மெழுகு குழாய்க்குள் புகுந்து விழித்திரையை அடைத்துவிட முடியும். மூக்கில் பாராஃபின் செலுத்தியதால் இரு கண்களும் பார்வையிழந்த ஒரு நோயாளியைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1903லேயே வெளிவந்துவிட்டது. இன்று ஹயலுரானிக் அமிலம் போன்ற நிரப்பிகளை ஊசியால் தண்டில் செலுத்தும் முறைக்கு அறுவையற்ற புதுமை என்ற விளம்பரம் கிடைக்கிறது. பொருள் மாறியிருக்கிறது, மூக்கின் குழாய் அமைப்பு மாறவில்லை. பார்வையிழப்பு இந்த நிரப்பிகளிலும் அரிதாக நேர்ந்தே வருகிறது.

உடற்பொருளின் பக்கம் நிலைத்தது விலாக் குருத்தெலும்பு. ஜெர்மானியரான ஃபான் மாங்கோல்ட் 1900ஐ ஒட்டி அதைச் சேணமூக்கில் பதித்தார். பெர்லினில் மூக்கறுவையைத் தனித்துறையாகவே வளர்த்த ஜாக் ஜோசப் போன்றோர் யானைத்தந்தத்தைச் செதுக்கிப் பதித்ததும் உண்டு எனினும், முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹரால்ட் கில்லிஸ் செய்த சீரமைப்புகளில் விலாக் குருத்தெலும்பு தன் தகுதியை மெய்ப்பித்தது. அதற்கும் ஒரு குறை இருந்தது: நேராகச் செதுக்கி வைத்த துண்டு நாளடைவில் வளைந்து, மூக்கைக் கோணலாக்கிவிடும். குருத்தெலும்பின் மேலடுக்குகள் இழுவிசையில் இருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் செதுக்கினால் மறுபக்கம் இழுத்து வளைக்கிறது என்று கிப்சனும் டேவிசும் 1958இல் விளக்கினர். எல்லாப் பக்கமும் சமமாகச் சீவி நடுப்பகுதியை எடுத்தால் வளைவு குறையும் என்ற அவர்களின் நெறி இன்றும் அறுவை அரங்குகளில் பின்பற்றப்படுகிறது.

இயல்பிலேயே தாழ்ந்த தண்டை உயர்த்தும் அறுவை பெருகிய இடம் கிழக்காசியா. கொரியப் போர் ஓய்ந்தபின் அங்குப் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் மில்லார்ட், உள்ளூர் மக்களுக்குக் குருத்தெலும்பு வைத்துத் தண்டை உயர்த்தியதை 1955இல் எழுதினார். மேலைநாட்டு முகத்தையே அளவுகோலாகக் கொண்ட அக்கட்டுரையின் பார்வை பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனம் நியாயமானதே. சிங்கப்பூரின் கூ பூ சாய் 1964இல் சிலிகான் பதியத்தைப் பற்றி எழுதியபின் அதுவே அப்பகுதியின் பொது வழக்காயிற்று. சிலிகான் விலை குறைந்தது, செதுக்க எளியது, கரைந்துபோகாதது. நெஞ்சில் வேறொரு காயம் செய்ய வேண்டியதுமில்லை. உடல் அதனோடு ஒட்டாமல் சுற்றிலும் ஓர் உறையை மட்டும் வளர்ப்பதால் வேண்டாதபோது எளிதில் எடுத்துவிடலாம். அதே காரணத்தால் அது நகரவும் செய்யும். தண்டிலிருந்து நுனிக்கு மடங்கி இறங்கும் வடிவில் வைத்தபோது, நுனியின் மெல்லிய தோலை அழுத்தித் துளைத்து வெளிவந்த நேர்வுகள் பல. ஆகவே தண்டுக்குச் சிலிகான், நுனிக்குக் காதுக் குருத்தெலும்பு என்ற கலப்பு முறை வந்தது. திசு உள்நுழைந்து பற்றுமாறு நுண்துளைகள் கொண்ட கோர்டெக்ஸ் என்ற பொருளும், குருத்தெலும்பை மிகச் சிறு துணுக்குகளாக நறுக்கிப் பொதிந்து வைக்கும் முறையும் பின்னர் சேர்ந்தன. துருக்கியின் ஒனூர் எரோல் 2000இல் விவரித்த அம்முறையில் வளைவுச் சிக்கல் இல்லை என்பது பெரும் வசதி.

இவையனைத்தும் உள்ளுறை கெடாத மூக்குக்கே உரியவை. நோயால் சரிந்த மூக்கில் எதை நிரப்பினாலும் ஏன் தங்குவதில்லை என்ற கேள்விக்குக் கில்லிஸ், மேகநோய் மூக்கைப் பற்றி 1923இல் எழுதிய கட்டுரையில் விடை தந்தார். அத்தகைய மூக்கில் வெளித்தோல் குறைவதில்லை. உள்ளே புண்ணாகி ஆறிய சளிச்சவ்வு சுருங்கித் தோலை உள்ளிழுத்துப் பிடித்திருக்கிறது. எனவே அவர் மேலுதட்டின் உட்புறமாகக் கீறி, சுருங்கிய தழும்பிலிருந்து தோலை விடுவித்தார். பிறகு, பல்மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் கலவையால் அச்சு வார்த்து, சீவியெடுத்த மெல்லிய தோலை அதன்மேல் போர்த்தி மூக்கினுள் வைத்தார். ஒட்டிய தோல் புதிய உள்ளுறையாயிற்று. வெளித்தோல் தடையின்றி எழும்பியது.

தொழுநோயின் காரணமாக இந்த முறை மிகவும் வேண்டப்பட்ட இடங்களுள் ஒன்று தமிழ்நாடு. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவதால் மூக்கின் சளிச்சவ்வில் பெருகி, நடுச்சுவரையும் மேலுதட்டுக்கு மேலுள்ள சிறு எலும்பு முனையையும் அரித்துவிடும். டென்மார்க்கின் நெஸ்ட்வெட் இடுகாட்டில் தோண்டியெடுத்த இடைக்கால மண்டையோடுகளிலேயே இந்த அரிப்பை மொல்லர் கிறிஸ்டன்சன் என்ற ஆய்வாளர் கண்டு விவரித்திருக்கிறார். சல்ஃபோன் மருந்துகள் 1940களில் வந்து கிருமியை அடக்கியபோதும், நோய் நீங்கியவரின் சரிந்த மூக்கும் உதிர்ந்த புருவமும் அவரைத் தொழுநோயாளி என்றே ஊருக்குக் காட்டின. கொல்லிமலையில் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைகளோடு நில்லாமல் மூக்கையும் புருவத்தையும் சீரமைக்க முற்பட்டதற்கு இதுவே காரணம். கை நிமிர்ந்தாலும் முகம் காட்டிக்கொடுத்தால் வேலை கிடைக்காது. வேலூரை அடுத்த கரிகிரி மருத்துவமனையின் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி, தொழுநோய்ச் சீரமைப்பு அறுவை குறித்து 1971இல் ஒரு நூலே எழுதினார்.

கில்லிஸ் முறைக்கு ஊர்ப்புறத்தில் ஓர் இடர் இருந்தது. புதிய உள்ளுறை சுருங்காமலிருக்க, பற்கட்டோடு இணைத்த தாங்கியை நோயாளி தொடர்ந்து அணிய வேண்டும், கழற்றிக் கழுவவும் வேண்டும்; அணியாமல் விட்டால் மூக்கு மீண்டும் அமிழும். அதனால் உள்ளுறை நன்கு ஊன்றியபின் இரண்டாம் கட்டமாக இடுப்பெலும்புத் துண்டைத் தண்டில் வைத்துத் தாங்கியைத் தவிர்க்கும் வழியும் கையாளப்பட்டது. உலக நலவாழ்வு அமைப்பு 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை பரவி, சவ்வு புண்ணாகும் முன்பே கிருமி அழிக்கப்படலானபின், இந்த அறுவைக்கான தேவையே பெரிதும் குறைந்துவிட்டது.