பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் ஹாரன் வயரிங்

1930களிலிருந்து 1970கள் வரை இங்கிலாந்தில் உருவான எம்.ஜி., டிரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி, ஜாகுவார் முதலிய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஹாரன், ஹாரன் பொத்தான், ஃபியூஸ், ரிலே, இவற்றை இணைக்கும் வயர்கள் ஆகியவை சேர்ந்த அமைப்பு. இவற்றின் மின்கருவிகளில் பெரும்பாலானவை பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் லூகாஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள்.

தோற்றம்

எதிரே வருவோரை எச்சரிக்க ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் மணியோ வேறு ஒலிக்கருவியோ இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1896ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ரப்பர் பந்தை அமுக்கி ஊதும் ஹாரன்கள் அத்தேவையைத் தொடக்கத்தில் நிறைவேற்றின. கார்களில் பேட்டரியும் டைனமோவும் நிலைபெற்றபின் மின்சார ஹாரன் பரவியது. அதன் இரைச்சல் மிகுந்ததால், 1934இல் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஹாரன் அடிக்கத் தடை வந்தது.

லூகாஸ் நிறுவனம்

மண்ணெண்ணெய் விற்றுத் தொழிலைத் தொடங்கிய ஜோசப் லூகாஸ், ‘கிங் ஆஃப் தி ரோடு’ என்ற சைக்கிள் விளக்கால் புகழ்பெற்றார். அவர் 1902இல் மறைந்தபின் நிறுவனம் கார் மின்கருவிகளில் இறங்கியது. 1926இல் ரோடாக்ஸ், சி.ஏ.வி. ஆகிய போட்டி நிறுவனங்களை வாங்கியதும், பிரிட்டிஷ் கார்த் தொழிலில் அதற்கு நிகரான நிறுவனங்கள் அரிதாயின. ஒரே நிறுவனத்தின் பாகங்கள் பல கார்களில் இடம்பெற்றதால், எம்.ஜி.யின் வயரிங்கைக் கற்ற மெக்கானிக்குக்கு டிரையம்ஃபின் வயரிங்கும் எளிதில் பிடிபட்டது.

இயங்கும் விதம்

ஹாரனுக்குள் ஒரு மின்காந்தமும், மெல்லிய எஃகு டயாஃப்ரமும், ஒரு ஜோடி பாயின்ட்டுகளும் உள்ளன. மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கிறது. அந்த அசைவே பாயின்ட்டைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. டயாஃப்ரம் பழைய நிலைக்குத் திரும்பியதும் பாயின்ட் மூடுகிறது. நொடிக்குப் பல நூறு முறை நிகழும் இந்த அதிர்வுதான் ஒலியாகிறது. லூகாஸின் ‘விண்ட்டோன்’ வகையில் நத்தை ஓடுபோல் சுருண்ட குழல் அவ்வொலியைப் பெருக்கியது. உயர்ந்த சுருதியும் தாழ்ந்த சுருதியுமாக இரண்டு ஹாரன்கள் சேர்ந்து ஒலிப்பது அக்காலக் கார்களின் அடையாளம்.

மின்சுற்று

1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேட்டரியிலிருந்து வரும் பிரவுன் வயர் ஃபியூஸ் பெட்டியை அடைகிறது. ஃபியூஸைத் தாண்டி ஊதா வயராக ஹாரனுக்குச் செல்கிறது. சாவி போடாவிட்டாலும் இந்த வயரில் மின்சாரம் இருக்கும். ஹாரனின் மறுமுனையிலிருந்து கறுப்புக் கோடிட்ட ஊதா வயர் ஸ்டீயரிங் நடுவிலுள்ள பொத்தானுக்குப் போகிறது. பொத்தானை அழுத்தினால் அந்த வயர் ஸ்டீயரிங் தண்டின் வழியாக எர்த் ஆகி, அதாவது காரின் பாடியுடன் இணைந்து, சுற்று முழுமையடைகிறது.

பொத்தான் எர்த் பக்கத்தில் அமைந்ததால் ஒரு தனித்தன்மை உண்டாயிற்று. பொத்தானுக்குச் செல்லும் வயர் தேய்ந்து பாடியில் பட்டால் ஃபியூஸ் போகாது. ஹாரன்தான் ஓயாமல் அலறும்.

பொத்தானின் இடம் காருக்குக் கார் மாறியது. 1955இன் எம்.ஜி.ஏ.வில் அது டாஷ்போர்டின் நடுவில் இருந்தது. டிரையம்ஃப் டி.ஆர்.2, ஆஸ்டின் ஹீலி 100 ஆகியவற்றில் ஸ்டீயரிங் நடுவில் இருந்தது. அதன் வயர்கள் தண்டுக்குள் செல்லும் நீண்ட குழாய் வழியே இறங்கி, ஸ்டீயரிங் பெட்டியின் அடியில் வெளிவந்தன. ஜாகுவார் இ-டைப்பில் ஹாரனின் மிகுந்த மின்சாரம் பொத்தான் வழியே ஓடாதபடி ஒரு ரிலே அதைச் சுமந்தது.

எர்த் முனை மாற்றம்

1930களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியுடன் இணைக்கப்பட்டது. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்நேட்டர் வந்தபோது இவ்வழக்கம் மாறியது. 1964இல் 4.2 லிட்டர் இ-டைப்பும், 1967இல் எம்.ஜி.பி.யின் இரண்டாம் வகையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறின. மின்காந்தத்துக்கு முனை பேதமில்லை என்பதால் ஹாரன் இரு முறையிலும் ஒலிக்கும். ஆனால் ரேடியோ, ஆல்டர்நேட்டர் போன்றவற்றை முனை மாற்றி இணைத்தால் பழுதாகிவிடும்.

பழுதுகள்

ஹாரன் ஒலிக்காதபோது முதலில் பார்க்க வேண்டியது எர்த். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் ஸ்டீயரிங் தண்டில் ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதைத் தாண்டிச் செல்லும் சிறு எர்த் வயர் அறுந்தால் ஹாரன் ஊமையாகிவிடும். ரப்பர் உறைக்குள் செருகும் பித்தளை புல்லட் இணைப்புகளில் ஈரம் புகுந்து களிம்பு பிடிப்பதும் பொதுவான கோளாறு.

எம்.ஜி.பி. போன்ற சுற்றில் சோதனை எளிது. ஹாரனிலிருந்து பொத்தானுக்குச் செல்லும் வயரைக் கழற்றி, ஹாரனின் அந்த முனையை ஒரு துண்டு வயரால் பாடியுடன் இணைக்க வேண்டும். ஹாரன் ஒலித்தால் ஃபியூஸும் ஹாரனும் நலம். குறை பொத்தானிலோ, அதற்குச் செல்லும் வயரிலோ, தண்டிலோ இருக்கிறது. ஒலிக்காவிட்டால் ஃபியூஸ், ஊதா வயர், ஹாரனின் பாயின்ட் ஆகியவற்றை அந்த வரிசையில் பார்க்கலாம்.

சென்னைத் தொடர்பு

ஸ்பிட்ஃபயருக்கு அடித்தளமான டிரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் சென்னையை ஒட்டிய ஆலையில் தயாரானது. அதே 1961இல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை நகரின் பாடி என்னும் பகுதியில் அமைந்தது.

மதிப்பீடு

லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்ற ஏளனப் பெயர் கார் ஆர்வலரிடையே நிலைத்துவிட்டது. அது முழு நியாயமன்று. ஹாரன் சுற்றில் காணும் குறைகளில் பல, கருவியின் குறைகள் அல்ல. துருவும் ஈரமும் பராமரிப்பின்மையும் எர்த்தைக் கெடுத்ததால் வந்தவை. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் 1996இல் வேரிட்டி நிறுவனத்துடன் இணைந்து, 1999இல் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் வசமானது. ஆயினும் அது வகுத்த சுற்று எளிமையானது, வயரின் நிறமே வழிகாட்டக்கூடியது. அதனால்தான் அரை நூற்றாண்டு கடந்த கார்களையும் ஒரு சோதனை விளக்கும் உப்புத்தாளும் கொண்டு இன்றும் பழுது பார்க்க முடிகிறது.