ஏலகிரிக்கு அடுத்த மலை

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் மூன்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது: புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு. மூன்றிலுமாக 32 மலைக்கிராமங்கள். குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்கும் முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்ததற்குக் கற்கோடாரிகள் சாட்சி. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டெடுத்துப் பதிவு செய்த அந்தக் கருவிகளில் சில, மரத்தடியில் சாமியாக வைக்கப்பட்டுப் பூஜை பெறுகின்றன.

சாமையும் கேழ்வரகும் விளையும் மலை. செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறக்கும் மலை. பக்கத்தில் இருக்கும் ஏலகிரியைப் போல இங்கே சொகுசு விடுதிகள் வரிசை கட்டி நிற்கவில்லை. ஜமுனாமரத்தூரில் ஆண்டுதோறும் கோடை விழா நடக்கிறது, பீமன் அருவிக்குக் கூட்டம் வருகிறது, சாலைகள் சீராகின்றன. அடுத்து விடுதிகள் வரும். அதற்கு முன், வெளியிலிருந்து வந்தவர்களோடு இந்த மலைக்கு இருந்த உறவைத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

முதலில் சந்தனம். ஜவ்வாது மலை என்றாலே ஒரு காலத்தில் சந்தனக்கட்டைதான் நினைவுக்கு வரும். வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் சந்தன மரத்தை அடிமரத்தில் வெட்டிச் சாய்ப்பதில்லை. வேரோடு தோண்டி எடுப்பார்கள். திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்குக்கு வந்ததும் வெளிப்புற வெள்ளைக் கட்டையைச் செதுக்கித் தள்ளுவார்கள். உள்ளே வைரம் பாய்ந்த பகுதியைத் தரம் பிரித்து, எடை போட்டு, ஏலம் விடுவார்கள். வாசனை எண்ணெய்க்கும் சோப்புக்கும் சிற்பத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்துக்குக்கூட நில உரிமையாளர் சொந்தம் கொண்டாட முடியாது என்ற நிலை 2002-ல்தான் மாறியது. தனக்கு உரிமையில்லாத மரத்தை ஒருவர் எதற்காகக் காவல் காப்பார்? கடத்தல்காரர்கள் கூலிக்கு ஆள் பிடித்தார்கள், மலை மொட்டையானது.

சந்தனம் குறைந்த பிறகும் மரம் வெட்டத் தெரிந்த கைகள் இருந்தன, வேலை இல்லை. தரகர்கள் அந்தக் கைகளை ஆந்திரத்தின் செம்மரக் காடுகளுக்கு அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். மலையின் வளத்தை வெளியே விற்ற வரலாற்றில் லாபம் யாருக்கு, உயிர் யாருடையது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதே மலைக்கு வேறு மாதிரியான ஒரு விருந்தாளியும் வந்தார். கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைனு பாப்பு, விண்மீன்களை ஆராய இருட்டான, தெளிவான வானம் தேடித் தென்னிந்தியா முழுக்க அலைந்து கடைசியில் தேர்ந்தெடுத்த இடம் காவலூர். 1960களின் இறுதியில் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கிய அந்த ஆய்வகத்தில், 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதைக் காண பாப்பு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் கண்டறிந்தபோது அதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. சுமார் 100 ஏக்கர் காட்டுக்குள் இருக்கும் அந்த ஆய்வகத்துக்கு, சுற்றுப்புறம் இருந்தபடியே இருந்தாக வேண்டும். மலையடிவாரத்தில் விளக்கு கூடினால் வானம் வெளுக்கும், வேலை கெடும். மலையை மாற்றாமல் வைத்திருப்பதே தன் சொந்த நலன் என்ற நிலையில் இங்கே வந்த நிறுவனம், தெரிந்தவரை, இது ஒன்றுதான்.

ஏலகிரியின் கதை வேறு. அங்கும் பூர்வகுடிகள் மலையாளிகளே. ஒரு காலத்தில் ஜமீன் சொத்தாக இருந்த மலை அது. 14 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை போடப்பட்டது. பாவேந்தர், கம்பர், ஔவையார், பாரி, அதியமான் என்று வளைவுகளுக்குப் பெயரும் சூட்டப்பட்டது. ஜோலார்பேட்டையில் ரயில் நிற்கிறது. சென்னையும் பெங்களூரும் சில மணி நேரத் தொலைவு. வார இறுதி விடுதிகள் பெருகிவிட்டன. மலைக்காரர்களின் நிலம் கைமாறுவதை முழுமையாகத் தடுக்கும் அரண் தமிழ்நாட்டில் இல்லை என்பது இங்கே முக்கியமான செய்தி. ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் இருப்பதுபோல, அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைக்குள் வரும் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவுமே அறிவிக்கப்படவில்லை.

மலையில் விடுதி கட்டுவதற்கு வரம்பு எங்கே என்று தமிழ்நாடு கற்றுக்கொண்டது கொடைக்கானலில்தான். பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதிப்படி இரண்டு தளங்கள்தான். எழுந்தது ஏழு தளம். விதிவிலக்கு அளித்து 1994-ல் அரசாணை பிறந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்ற உள்ளூர் அமைப்பு நீதிமன்றம் போனது. 1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விதிவிலக்கை அளித்தது தொடர்பான குற்றவியல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்று வெடித்த வன்முறையில் தர்மபுரி அருகே பஸ்ஸுக்குத் தீ வைக்கப்பட்டு, சுற்றுலா சென்று திரும்பிய வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் எரிந்து போனார்கள். 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் ஜெயலலிதா விடுவிக்கப்பட்டார். ஒரு மலை ஓட்டலின் கூடுதல் மாடிகள் தொடங்கி வைத்த வழக்கின் நிழல், அந்த ஓட்டலைக் கண்ணால்கூடப் பார்த்திராத குடும்பங்கள் மேல் விழுந்தது.

நீலகிரியில் வழக்கு யானைகளுக்காக. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் சீகூர் சமவெளி, யானைகள் காலங்காலமாக நடக்கும் வழி. அதன் குறுக்கே மசினகுடி, பொக்காபுரம் பகுதிகளில் ரிசார்ட்டுகள் முளைத்தன, மின்வேலி போட்டன. 2010-ல் அரசு வழித்தடத்தை அறிவித்தது. 2011-ல் உயர்நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றன. தீர்ப்பு வந்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எரியும் பொருளை யானை மீது வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்த அந்த யானை, சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் செத்தது. தீர்ப்பு காகிதத்திலிருந்து தரைக்கு இறங்க எத்தனை காலம் பிடிக்கிறது என்பதை மறக்காமல் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஓட்டல் தொழில் தன்னளவில் மாறிக்கொண்டும் இருந்தது. அதை மறுக்கக் கூடாது. 1997-ல் மும்பை விமான நிலையம் அருகே திறந்த ஆர்க்கிட், சுற்றுச்சூழல் அக்கறைக்கான ஈகோடெல் சான்றை ஆசியாவில் முதலில் பெற்ற ஓட்டல். சென்னையில் 2012-ல் வந்த ஐடிசி கிராண்ட் சோழா, பசுமைக் கட்டடத்துக்கான லீட் பிளாட்டினம் சான்றோடு நிற்கிறது. ஆனால் சான்றிதழுக்கும் செயலுக்கும் இடைவெளி உண்டு என்பதும் பழைய கதைதான். துண்டைத் துவைக்கப் போடாமல் மறுபடி பயன்படுத்திக் கடலைக் காப்பாற்றுங்கள் என்று அட்டை வைத்த பசிபிக் தீவு விடுதி, அதே நேரத்தில் கரையோரம் கட்டடத்தை விரித்துக்கொண்டிருந்ததை 1986-ல் அமெரிக்கரான ஜே வெஸ்டர்வெல்ட் எழுதிக் காட்டினார்.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சமூகப் பொறுப்பைக் கட்டாயமாக்கியது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள நிறுவனம், கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடம், ஏரி தூர்வாருதல், மரம் நடுதல் எல்லாம் இதில் அடங்கும். மலைகளில் இருக்கும் விடுதிகளில் பெரும்பாலானவை இருபது முப்பது அறைகள் கொண்டவை. இந்த வரம்பைத் தொடுவதே அபூர்வம். தன் தொழிலின் வழக்கமான வேலையைப் பொறுப்புக் கணக்கில் காட்டவும் விதி இடம் தராது. தன் கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரிப்பது 1974-ம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டப்படியான கடமை, கொடை அல்ல. ஆக, ஒரு மலைக்கு உண்மையில் வலிக்கும் இடங்களான போர்வெல், செப்டிக் டேங்க், மண் வெட்டிச் சமப்படுத்தும் சரிவு எதையும் இந்த 2 சதவீதம் தொடுவதில்லை. அவற்றை விடுதி கட்டுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

அப்படி முன்கூட்டியே பேசிய ஊர் ஒன்று உண்டு, லடாக்கில். காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இன்னொரு ஆய்வகம் இருக்கும் ஹான்லே, 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. விளக்குகளுக்கு மறைப்பு, ஜன்னலுக்குத் திரை, வண்டிகளுக்கு மங்கலான ஒளி என்று கட்டுப்பாடுகள் வந்தன. உள்ளூர் மக்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். வருகிறவர்கள் அவர்கள் வீடுகளில் தங்கி, அவர்கள் காட்டும் வானத்தைப் பார்க்கிறார்கள். வெளியூர் முதலாளி இல்லாமலே அங்கே விருந்தோம்பல் ஒரு வருமானம்.

ஜவ்வாது மலையிலும் வானம் இருக்கிறது, சாமையும் தேனும் இருக்கிறது, பாதுகாக்கச் சட்டமும் இருக்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, காட்டையும் நீர்ப்பிடிப்புகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். புதூர்நாட்டில் முதல் பெரிய விடுதிக்கு வரைபடம் வரும்போது அதை அந்தக் கூட்டத்தில் விரித்து வைக்கட்டும்: எத்தனை அடியில் போர் போடுவார்கள், கழிவுநீர் எந்த ஓடையில் போய்ச் சேரும், விளக்கு எந்தப் பக்கம் பார்த்து எரியும், நிலம் விற்றவர் நாளை அங்கே காவலாளியாக நிற்பாரா, பங்குதாரராக இருப்பாரா என்று ஊர் கேட்கட்டும்.