காந்தா

காந்தா என்பது வங்காளத்துப் பெண்கள் பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கைத்தையலால் இணைத்துச் செய்யும் போர்வை. இன்றைய மேற்கு வங்கமும் வங்கதேசமும் இதன் தாயகம். பூக்களும் உருவங்களும் தைத்து அலங்கரித்ததை நக்ஷி காந்தா என்பார்கள். தமிழ்நாட்டு ஜவுளிக் கடையில் ‘காந்தா ஒர்க்’ என்று கேட்டால் டசர் பட்டிலோ காட்டனிலோ எம்பிராய்டரி போட்ட சேலையை எடுத்துக் காட்டுவார்கள். அது 20ஆம் நூற்றாண்டில் முளைத்த கிளை. மூலக் காந்தா போர்த்திக்கொள்ளப் பிறந்தது, கடைக்குப் போகாதது. மகனுக்கு, மருமகனுக்கு, பேரப்பிள்ளைக்கு என்று யாரையாவது மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஊசியில் நூல் கோத்தார்கள். அதன் துணி, நூல், படங்கள், எடுத்துக்கொண்ட நாட்கள் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

துணியும் தையலும்

வங்காளத்துக் குளிருக்குக் கம்பளி அதிகம். சில மடிப்புப் பருத்தி போதும். அந்த மடிப்புகளுக்கு, பல வருடம் துவைத்து நைந்து பஞ்சுபோல் ஆன சேலையைவிடத் தோதான துணி கிடையாது. கிராமத்துப் பெண்கள் அன்றாடம் உடுத்தியவை பெரும்பாலும் வெள்ளை உடலும் வண்ணக் கரையும் கொண்ட கைத்தறிச் சேலைகள். பழைய காந்தாக்களின் தளம் வெள்ளையாக இருப்பதற்கு அழகுணர்ச்சியை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

சேலைகளைத் தரையில் விரித்து, சுருக்கம் போக நீவி, ஓரங்களில் கனமான பொருட்களை வைத்து விறைப்பாக நிறுத்துவார்கள். நான்கு ஓரங்களையும் தைத்து, குறுக்கே இரண்டு மூன்று வரிசை நீளத் தையல் ஓட்டிவிட்டால் அடுக்குகள் நகராது. அதற்கப்புறம் மடித்து வைத்துவிட்டு, வேலை ஒழிந்த மதியங்களிலும் வெளியே போக முடியாத மழை நாட்களிலும் எடுத்துத் தைக்கலாம். சட்டம் கிடையாது, மடியில் போட்டுத் தைப்பதுதான். சாதாரணப் போர்வைக்கே மாதக்கணக்கில் ஆகும், நுணுக்கமானதற்கு வருடக்கணக்கில். தாய் தொடங்கியதை மகள் முடித்த காந்தாக்களும் உண்டு.

நூலும் வீட்டிலிருந்தே வந்தது. கிழிந்த சேலையின் கரையிலிருந்து வண்ண இழைகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கிக்கொள்வார்கள். கரைகளில் சிவப்பும் நீலமும் கருப்பும் மிகுதி என்பதால் பழைய காந்தாவிலும் அந்த மூன்று நிறங்களே மிகுதி.

தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் ‘ரன்னிங் ஸ்டிட்ச்’தான் காந்தாவின் அடிப்படை. ஊசியைத் துணியில் மேலும் கீழுமாக நான்கைந்து முறை ஓட்டி ஒரே இழுப்பில் நூலை உருவும் அதே தையல். ஆனால் அதை எங்கே நெருக்குவது, எங்கே விலக்குவது, அடுத்த வரிசையை எவ்வளவு தள்ளித் தொடங்குவது என்பதில் வித்தை இருக்கிறது. முதலில் தாமரையின் இதழ்களுக்குக் கோடு தைத்து, உள்ளே வண்ண நூலால் நிரப்புவார்கள். பிறகு வெள்ளைத் தளத்தில் வெள்ளை நூலால், பூவின் விளிம்பை ஒட்டியே வரிசை வரிசையாகச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு தையலும் துணியை இம்மியளவு இழுத்துப் பிடிப்பதால் தளம் முழுக்கச் சிறு சுருக்கங்கள் எழும்பி, விரல் வைத்தால் அலை அலையாகத் தட்டுப்படும். காந்தாவைப் புகைப்படத்தில் பார்ப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். ‘பாட் தோலா’ என்னும் வகையில் தையல்களை இழை எண்ணி அடுக்கி, நெய்த சேலைக் கரையே போலத் தோன்றச் செய்வார்கள். முன்புறம் எது பின்புறம் எது என்று தெரியாத ‘தோருகா’ காந்தா கைத்திறனின் உச்சம்.

மூத்த வடிவங்களில் நடுவே தாமரை, நான்கு மூலையிலும் மரமோ மாங்காய் வடிவமோ, சுற்றிலும் கரை வரிசைகள் என்ற ஒழுங்கு இருக்கும். கரைகளுக்குப் பெயர்கள் வீட்டையும் வயலையும் சுற்றியே அமைந்தவை: நெற்கதிர், எறும்பு வரிசை, தேள், மீன், ஏணி, தாயத்து. இடையே மிஞ்சிய இடத்தில் பல்லக்கு, படகு, பாக்குவெட்டி, சீப்பு, முறம், யானை என்று கண்ணில் பட்டது எல்லாம் வந்து உட்காரும். இந்து, முஸ்லிம் இரு வீடுகளிலும் காந்தா உண்டு. முஸ்லிம் பெண்கள் கொடிகளிலும் வடிவியல் கோலங்களிலும் கூடுதலாக நாட்டம் கொண்டார்கள் என்றாலும், தாமரையும் ‘கல்கா’ என்னும் மாங்காய் வடிவமும் இரு தரப்புக்கும் பொது.

யாருக்கு எது

குளிருக்குப் போர்த்தும் கனத்த காந்தா லேப். மெல்லியதாக, விருந்தாளிக்கு விரிப்பாகவோ சடங்குகளுக்கோ எடுப்பது சுஜனி. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் குறுகலான உறை ஆர்ஷிலதா. துணிமணிகளையும் புத்தகங்களையும் கட்டி வைக்கும் சதுரம் பொஸ்தானி. காசு, வெற்றிலை வைக்கும் சிறு பை துர்ஜனி. இவை தவிர தலையணை உறை, உட்காரும் ஆசனம், சாப்பாட்டு விரிப்பு, குர்ஆனுக்கு உறை என்றும் உண்டு.

இவற்றில் அதிகம் தைக்கப்பட்டது எது என்றால், பிறக்கப்போகும் குழந்தைக்கான சின்னக் காந்தாதான். பாட்டியும் அத்தையும் தாயும் தங்கள் பழைய சேலைகளைக் கிழித்துப் பிரசவத்துக்கு முன்பே பல காந்தாக்களைத் தைத்து அடுக்கி வைப்பார்கள். புதுத்துணி பச்சை உடம்பை உறுத்தும் என்பது ஒரு காரணம். பழைய துணியில் கிடக்கும் பிள்ளையைக் கண்ணேறு அண்டாது என்பது இன்னொன்று. தூளி கட்டப் பழைய பருத்திச் சேலையைத் தேடும் தமிழ் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஈரமாகி, துவைத்து, மறுபடி ஈரமாகி ஓரிரு வருடத்தில் இந்தக் காந்தாக்கள் நைந்துபோகும். அதனால் அருங்காட்சியகங்களில் இவை அரிது. அங்கே தொங்கும் அலங்காரப் போர்வைகளை மட்டும் வைத்துக் காந்தாவை எடைபோடுவது, கல்யாண விருந்தைப் பார்த்து ஒரு வீட்டுச் சமையலை முடிவு செய்கிற கதை.

பழைய சான்றுகள்

ஈரக் காற்றும் அன்றாடப் புழக்கமும் பருத்தியை விட்டுவைப்பதில்லை. இன்று எஞ்சியுள்ள காந்தாக்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. அதற்கு முந்தைய வரலாற்றை நூல்களில்தான் தேட வேண்டும்.

கிருஷ்ணதாச கவிராஜர் வங்க மொழியில் எழுதிய ‘சைதன்ய சரிதாம்ருதம்’ என்ற, வைணவத் துறவி சைதன்யரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பூரி நகரில் வெறும் வாழை மட்டைமேல் படுத்து உடல் நோகும் சைதன்யரைப் பார்க்கப் பொறுக்காத சீடர் ஜகதானந்தர், நல்ல துணி வாங்கிக் காவி தோய்த்து, இலவம்பஞ்சு அடைத்து மெத்தையும் தலையணையும் செய்துகொண்டு வருகிறார். துறவிக்கு இந்தச் சொகுசு எதற்கு என்று சைதன்யர் தள்ளிவிடுகிறார். பிறகு இன்னொரு சீடரான சொரூப தாமோதரர் காய்ந்த வாழையிலைகளை நகத்தால் நாராகக் கிழித்து, சைதன்யர் உடுத்திய மேல்துணிகளுக்குள்ளேயே அடைத்துத் தருகிறார். அது ஏற்கப்படுகிறது. புதுத்துணி விலக்கப்பட்டு, உடுத்திய துணி ஒப்புக்கொள்ளப்பட்ட இந்தக் கதை, காந்தாவுக்குள் இருக்கும் எண்ணத்தை நன்றாகவே காட்டுகிறது. நவத்வீபத்திலிருந்த தாய் சசிதேவி யாத்திரிகர்கள் மூலம் மகனுக்கு ஒரு காந்தா அனுப்பினார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். பூரியில் அவர் தங்கியிருந்த கம்பீரா மடத்தில் ஒரு காந்தா அவருடையதாகப் போற்றப்படுகிறது.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியருக்காக வங்காளத்தில் தைக்கப்பட்ட ‘கோல்ச்சா’ போர்வைகளையும் காந்தாவின் மூதாதையர் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். ஹூக்ளிப் பகுதியின் பழைய துறைமுகமான சாத்காவ் பெயரால் அறியப்படும் இவை, வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் டசர் நூலால் சங்கிலித் தையல் போட்டவை. சாலமோன் அரசனின் தீர்ப்பு, கிரேக்கப் புராணக் காட்சிகள் எல்லாம் அவற்றில் உண்டு. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் உட்படச் சில இடங்களில் இவற்றைக் காணலாம். ஆனால் நூல் வேறு, தையல் வேறு, நோக்கமும் வேறு: அவை கப்பலேறுவதற்காகவே செய்த சரக்கு. இரண்டையும் ஒரே குடும்பம் என்பதைவிட, ஒரே ஊரில் பிழைத்த இரு தொழில்கள் என்பதே பொருந்தும்.

19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்களில் காலம் நேரடியாகவே நுழைந்துவிடுகிறது. ராதையும் கிருஷ்ணனும் இருக்கும் அதே துணியில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், குதிரை வண்டிகள், ஹுக்கா பிடிக்கும் ‘பாபு’க் கனவான்கள் வருகிறார்கள். சில காந்தாக்களில் தைத்தவர் பெயரும் பெறுபவர் உறவும் தையல் எழுத்திலேயே இருக்கும். இவற்றுள் புகழ்பெற்றது மானதாசுந்தரி தாசி தந்தைக்காகத் தைத்த காந்தா. கொல்கத்தாவின் ஜோகா பகுதியிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகள் தந்தைக்குத் தந்தது என்ற செய்தியைத் துணியே சொல்லிவிடுவதால், ‘பெயர் தெரியாத நாட்டுப்புறக் கலைஞர்’ என்ற வழக்கமான அட்டையை அதன்கீழ் எழுத முடியாது.

தளர்ச்சியும் தொகுப்பும்

மில் துணியும் மலிவான கம்பளிகளும் வந்தபின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரக் காந்தா குறைந்தது. சாதாரண லேப் நின்றுபோகவில்லை. வருடக்கணக்கில் ஊசி பிடிக்கும் பொறுமைதான் போயிற்று. அந்தச் சமயத்தில் இருவர் சேகரிக்கத் தொடங்கினார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத் (1882–1941) மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகிப் போன இடங்களில் எல்லாம் காந்தா, பொம்மை, பட ஓவியம் என்று திரட்டினார். அவர் திரட்டியவையே ஜோகா அருங்காட்சியகத்தின் அடித்தளம். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் திரட்டிய காந்தாக்கள் பின்னாளில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2009இல் அங்கே காந்தாவுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது.

காந்தாவைப் படித்த வர்க்கத்திடம் கொண்டுசேர்த்ததில் ஆய்வாளர்களைவிட ஒரு கவிஞருக்குப் பங்கு அதிகம். ஃபரீத்பூர்க்காரரான ஜசிமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற கதைக்கவிதையில், கலவரத்துக்குப் பின் ஊரைவிட்டு ஓடிப்போன கணவன் ரூபாயிக்காகக் காத்திருக்கும் சாஜு, தங்கள் இருவர் வாழ்க்கையையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். ‘நக்ஷி காந்தா’ என்ற பெயர் பரவலானதே இந்தக் கவிதையால்தான் என்பார்கள். 1939இல் ஆங்கிலத்திலும் வந்தது.

சாந்திநிகேதனில் தாகூர் குடும்பத்துப் பெண்களும் அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனின் ஓவியர்களும் காந்தாத் தையலைப் போர்வையிலிருந்து பிரித்து, சேலைக்கும் பைக்கும் கொண்டுவந்தார்கள். ஒரே அடுக்குத் துணி, வாங்கிய நூல், தாளில் வரைந்து பிரதியெடுத்த வடிவம் ஆகிய மூன்றும் சேர்ந்ததும் அது வேறு கலையாகிவிட்டது. அதையொட்டிய போல்பூரைச் சுற்றியுள்ள பீர்பூம் கிராமங்களில் இன்றும் அதுதான் பிழைப்பு.

பிரிவினைக்குப் பின்

பேர்போன காந்தா ஊர்களான ஜெசோர், குல்னா, ஃபரீத்பூர், ராஜ்ஷாஹி எல்லாம் 1947இல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. 1971 வங்கதேச விடுதலைப் போருக்குப் பிறகு, கணவனை இழந்த பெண்களுக்கு வேலை தேடிய தொண்டு நிறுவனங்களின் பார்வை, அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த ஊசியில் விழுந்தது. பிராக் (BRAC) தொண்டு அமைப்பு 1978இல் தொடங்கிய ஆரோங் கடைகள் காந்தாவை டாக்காவின் நடுத்தர வர்க்கத்துக்கு விற்றன. ஜமால்பூர் பெரிய தையல் மையமாக வளர்ந்தது. சுராயா ரஹ்மான் என்ற ஓவியர் பட்டுத்துணியில் கதைக்காட்சிகளை வரைந்து, நூற்றுக்கணக்கான பெண்களைப் பயிற்றுவித்துச் சுவரில் மாட்டும் காந்தாக்களைச் செய்வித்தார். ஆய்வாளர் நியாஸ் ஜமான் காந்தா பற்றி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றுவரை இத்துறையின் அடிப்படை நூல். மேற்கு வங்கத்தில் 1980களில் ஷாம்லு துதேஜா கிராமத்துப் பெண்களைத் திரட்டிக் காந்தாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தாக் கலைஞர்களான பிரீதிகணா கோஸ்வாமி 2023இலும் தக்தீரா பேகம் 2024இலும் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

சந்தை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதைக் குறை சொல்வது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் தையலின் இயல்பு மாறியதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் வரைய, இன்னொருவர் நிறம் குறிக்க, மூன்றாமவர் தைக்க, கூலி உருப்படிக் கணக்கில் வருகிறது. எனவே தையல் நீள்கிறது, தளத்தை வெள்ளை நூலால் நிரப்பும் வேலை முதலில் கைவிடப்படுகிறது, அலைச் சுருக்கம் காணாமல் போகிறது. வாங்குபவர் கையால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எந்திரத் தையலையும் இனம் காணலாம்: அதில் எல்லாத் தையலும் ஒரே நீளம். கைத்தையல் வளைவுகளில் குறுகி, நேர்க்கோட்டில் சற்றே நீளும்.

போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெரிக்க, ஐரோப்பியப் பெண்களிடையே காந்தா இப்போது பயிற்சி வகுப்புகளாகவும் புத்தகங்களாகவும் பரவியிருக்கிறது. சட்டமோ தனிக் கருவியோ வேண்டாத தையல் என்பது அவர்களுக்குப் பெரிய வசதி. வங்காளத்திலோ, நகரத்துப் பெண்களுக்கு நேரமில்லாததால் பச்சைக் குழந்தைக் காந்தாக்களும் விலைக்கு வந்துவிட்டன. எல்லாரும் ஆயத்தமாகத் தைத்ததை வாங்குவதில்லை. அம்மாவும் மாமியாரும் உடுத்திய பழைய சேலைகளைக் கொண்டுபோய்த் தையல்காரப் பெண்ணிடம் கொடுத்து, கூலியை மட்டும் தருபவர்களும் இருக்கிறார்கள். துணி அவர்களுடையது, கை வேறொருவருடையது. கூலியை அளவும் வேலைப்பாடும் முடிவு செய்கின்றன.