பதினாறு நாளும் பதினான்கு நாளும்: பெருந்தொற்றும் தடைபட்ட துக்கமும்

கொரோனா பெருந்தொற்று மக்கள் மனத்துக்கு என்ன செய்தது என்ற கேள்விக்கு ஆய்வுலகம் முதலில் எண்களால் விடை சொன்னது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் கடும் மனச்சோர்வுக்கு ஆளானோர் 5 கோடியே 32 லட்சம் பேரும், பதற்றக் கோளாறுக்கு ஆளானோர் 7 கோடியே 62 லட்சம் பேரும் கூடினார்கள் என்று 'லான்செட்' இதழ் 2021இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2022 மார்ச்சில், இவ்விரு கோளாறுகளும் முதல் ஆண்டில் 25 விழுக்காடு உயர்ந்ததாக அறிவித்தது. இந்த மதிப்பீடுகள் தேவையானவை. இவை இல்லாமல் எந்த அரசும் மனநலத்துக்கு நிதி ஒதுக்காது. ஆனால் இவற்றின் அலகு தனிமனிதர். ஒருவரது தூக்கமும் பசியும் நம்பிக்கையும் கேள்விப் படிவத்தில் அளக்கப்படுகின்றன. ஒரு வீட்டுக்கோ தெருவுக்கோ சொந்தபந்தத்துக்கோ நேர்ந்த கேட்டை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

அப்படி இடம் கிடைக்காமல் போன ஒரு கேட்டைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழ் பேசும் சமூகங்களில் பெருந்தொற்று விளைவித்த மனத்துன்பத்தின் ஆழமான பகுதி, இறந்தவர்க்காக ஊர்கூடித் துக்கம் காக்கும் முறை அறுந்ததால் வந்தது என்று கருதுகிறேன். அந்த அறுபடலில் பெரும்பங்கு கிருமி கட்டாயப்படுத்தியது அல்ல என்பது என் இரண்டாவது வாதம். அச்சமும் நிர்வாகமுமே அதைச் செய்தன.

சாவு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழவு வீடு, துட்டி வீடு, கேத வீடு என வட்டாரத்துக்கு ஒரு பெயர் உண்டு. சாதிக்குச் சாதி சடங்கும் மாறும். ஆயினும் பொதுவான ஓர் அமைப்பு இருக்கிறது. செய்தி சொல்லி அனுப்பியதும் வாசலில் பந்தல் எழும்புகிறது. அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் அண்டை வீட்டார் சோறு கொண்டுவருகிறார்கள். பிறந்த வீட்டார் கோடி கொண்டுவர வேண்டும். பங்காளிகள் நீர்மாலை எடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் வாய்க்கரிசி போட வேண்டும். பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டி அழுகிறார்கள். ஒப்பாரி பாடுபவர் இறந்தவரின் வாழ்க்கையை ஊருக்கு எடுத்துச் சொல்கிறார். அதனூடே தன் சொந்தக் குறைகளையும், வேறு எங்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றையும், சேர்த்துப் பாடிவிடுகிறார். பிறகு பால் தெளிப்பு, எட்டாம் நாள், பதினாறாம் நாள் கருமாதி, மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்டல் என நாட்கள் வரிசையாக வருகின்றன. இசுலாமியர்க்குக் குளிப்பாட்டலும் கபனிடுதலும் ஜனாஸாத் தொழுகையும், கிறித்தவர்க்கு ஆலயத் திருப்பலியும் கல்லறை மந்திரிப்பும் இதே வேலையைச் செய்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது கட்டாயம். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளியும் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தக் குறை தலைமுறைக்கும் பேசப்படும். துக்கம் என்பது தனிமனிதரின் உணர்ச்சி தானாகப் பொங்கி வெளிப்படுவது அல்ல, குழு தன் உறுப்பினர் மீது சுமத்தும் கடமை என்று சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் எழுதினார். சாவு என்பது ஒரு நொடியில் முடியும் நிகழ்ச்சியன்று, இறந்தவரும் உயிரோடிருப்பவரும் சேர்ந்து கடக்கும் நெடிய காலம் என்று அவருக்கு முன்பே, 1907இல், மானுடவியலாளர் ராபர்ட் ஹெர்ட்ஸ் காட்டியிருந்தார். இருவரும் தமிழ்நாட்டைப் பார்த்து எழுதியவர்கள் அல்லர். ஆயினும் நம் சாவு வீட்டுக்கு இவர்கள் சொன்னது பொருந்துகிறது. அழத் தெரியாதவரையும் அழவைக்கும் ஏற்பாடு இது. உடைந்துபோனவர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன செய்வது என்று பெரியவர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பெருந்தொற்று இந்த ஏற்பாட்டை எப்படித் தாக்கியது? கூட்டம் குறைந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதியை நாம் அறிவோம். அதைவிடக் கொடியது காலக் கணக்கில் நேர்ந்த மோதல். தொற்றால் ஒருவர் இறந்தால் அவரோடு வாழ்ந்தவர்கள் 14 நாட்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். வழக்கம் வகுத்த துக்கக் காலம் 16 நாட்கள். வீடு மனிதர்களால் நிறைந்திருக்க வேண்டும் என்று வழக்கம் சொன்ன அதே நாட்களில், வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்று சுகாதார விதி சொன்னது. சென்னையில் 2020இல் தொற்றாளர் வீடுகளைத் தகரம் வைத்து அடைத்த தெருக்கள் உண்டு. அடுப்பு எரியாத வீட்டுக்குச் சோறு கொண்டுவர வேண்டிய அண்டை வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கணவரை இழந்த பெண் காய்ச்சலோடு ஓர் அறையிலும் அவர் பிள்ளைகள் வேறோர் அறையிலும் கிடந்த வீடுகள் எத்தனையோ. தனிமைக் காலம் முடிந்து கதவு திறந்தபோது துக்கம் கேட்கும் காலமும் ஏறத்தாழ முடிந்திருந்தது. அதன் பிறகு வந்து கேட்பது எப்படி என்று உறவினர்க்கும் தெரியவில்லை. காலம் கடந்து கேட்கும் துக்கத்துக்கு நம்மிடம் முறை இல்லை.

இவ்வளவும் நோய்த்தடுப்புக்குத் தேவையாக இருந்ததா? ஒரு பகுதி தேவையாக இருந்தது. அதை மறுக்க முடியாது. நெருங்கி அமர்ந்து கட்டி அழுவது தொற்றைப் பரப்பும். ஆனால் இறந்த உடலைப் பற்றிய விதி வேறு. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உடல் வைத்த பையின் முகப்பகுதியை ஊழியர் திறந்துகாட்ட, உறவினர் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று அவை அனுமதித்தன. உடலைத் தொடாமல் மறை ஓதலாம், புனித நீர் தெளிக்கலாம். குளிப்பாட்டுவதும் கட்டித் தழுவுவதும் முத்தமிடுவதும் கூடாது. சாம்பலால் ஆபத்தில்லை, அதைச் சேகரித்துச் சடங்கு செய்யலாம் என்றும் அவற்றில் இருந்தது. இறந்தவர் உடலிலிருந்து எவருக்கும் தொற்றியதாகச் சான்று இல்லை என்றும், அவசர அவசரமாக அடக்கம் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அதே மாதத்தில் சொன்னது. காகிதத்தில் இருந்த இந்த அனுமதி பிணவறை வாசலில் நின்ற குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டவே இல்லை. கட்டிய பையைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்பியவர்களும், கைப்பேசித் திரையில் மட்டும் தகனத்தைக் கண்டவர்களும் உண்டு. இப்படி உடலைக் காணாமல் நேரும் இழப்பைத்தான் குடும்ப உளவியல் ஆய்வாளர் பாலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்ற கருத்தாக்கத்தில் ஆராய்ந்தார். பையில் இருந்தவர் தன் தகப்பனார்தானா என்ற ஐயம் ஆண்டுகள் கடந்தும் ஒருவரை விடாமல் பிடித்திருப்பதற்கு இந்தக் கருத்தாக்கம் விளக்கம் தருகிறது.

அச்சத்தின் உச்சத்தைச் சென்னை 2020 ஏப்ரலில் கண்டது. தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்க முடியவில்லை. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது கூட்டம் கல்லெறிந்து தாக்கியது. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவரும் ஊழியர் சிலரும் தம் கைகளாலேயே மண் தள்ளி அவரைப் புதைத்தார்கள். மனைவியும் மகனும் உடன் இருக்க இயலவில்லை. கண்ணியமான அடக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்ற நிலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாத இறுதிக்குள் தமிழ்நாடு அரசு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. உடலை எடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்ய மனைவி தொடுத்த வழக்கில் 2021 மார்ச்சில்தான் தனி நீதிபதியின் அனுமதி கிடைத்தது. முறையான அடக்கத்துக்காக ஓராண்டு நீதிமன்றப் படி ஏறிய ஒருவரின் துக்கத்தை எந்த மனச்சோர்வு அளவுகோல் அளக்கும்? அந்த அவசரச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அது தடுப்பவரைத் தண்டிக்கும் சட்டம். காண வந்தவர்க்கு வழிவிடும் சட்டம் அல்ல.

இலங்கையில் இதே கேடு அரசின் ஆணையாகவே வந்தது. தொற்றால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11 அன்று வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்ற காரணத்தைக் காட்டி அந்நாட்டு அரசு மறுத்தது. உடலை எரிப்பது இசுலாமியர்க்கு நம்பிக்கையின் வேரையே அறுப்பது. சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்கவே மறுத்தன. தம் கையெழுத்தால் தம்மவர் எரிக்கப்படுவதை அவர்களால் தாங்க முடியவில்லை. 2020 டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்று எரிக்கப்பட்டபோது, கொழும்பு பொரளை கனத்தை மயானத்தின் கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கபன் துணிக்குப் பதிலாகக் கட்டிய துணிகள் அவை. அந்த மௌன எதிர்ப்பே அவர்களுக்கு மிஞ்சிய ஜனாஸா. 2021 பிப்ரவரி இறுதியில் ஆணை விலக்கப்பட்டது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவுசெய்தது. மருத்துவத் தேவை எங்கே முடிகிறது, பெரும்பான்மை மனப்பான்மை எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. நம் சாவுச் சடங்கு சமத்துவமானதன்று. பறையடிப்பதும் குழி வெட்டுவதும் குறிப்பிட்ட சாதிகள் மேல் சுமத்தப்பட்ட வேலைகள். கணவரை இழந்த பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திப் பூவையும் பொட்டையும் வளையலையும் பறிக்கும் சடங்கை ஆறுதல் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கூட்டம் வராததால் அந்த வன்முறையிலிருந்து தப்பிய பெண்களும் இருந்திருப்பார்கள். ஆகவே அறுந்ததை அப்படியே ஒட்டவைக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஊர் வந்து உடன் உட்கார்வது ஒன்று, ஊர் வந்து தண்டிப்பது வேறொன்று. இரண்டையும் பிரிக்க முடியும். பெரியார் இயக்கத்தவர் சடங்கு விலக்கிய இறுதி நிகழ்வுகளையும் படத்திறப்புகளையும் கூட்டமாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மற்றொரு மறுப்பு ஆய்வுலகிலிருந்து வருவது. இறுதிச் சடங்குக்கும் துயரின் தீவிரத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் பர்ரெல், செல்மன் இருவரும், அளவுசார் சான்றுகள் உறுதியான முடிவைத் தரவில்லை என்றார்கள். சடங்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, அதைத் தமக்குப் பொருளுடையதாக அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு குடும்பத்தாருக்கு இருந்ததா என்பதே முக்கியம் என்றார்கள். இதை நான் ஏற்கிறேன். நம் மருத்துவமனை வாசல்களில் பறிபோனதும் அந்த வாய்ப்புத்தான். ஆனால் அத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாடுகளைச் சார்ந்தவை. சொந்தபந்தம் முழுவதையும் பதினாறு நாள் கட்டிவைக்கும் ஏற்பாட்டை அந்த முடிவுகளைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது.

தற்கொலைப் புள்ளிவிவரத்தை என் வாதத்துக்குச் சான்றாக நான் காட்டவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் தமிழ்நாட்டில் 2019இல் 13,493 ஆக இருந்த தற்கொலைகள் 2020இல் 16,883 ஆகவும், 2021இல் 18,925 ஆகவும் உயர்ந்தன. 2021இல் நாடு முழுவதும் தற்கொலை செய்துகொண்டவர்களில் நால்வரில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளர். இந்த எண்கள் முதலில் பேசுவது பிழைப்பு பறிபோனதைப் பற்றி. துக்கம் தடைபட்டவர்கள் பெரும்பாலும் இறந்துபோவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், கணக்கில் வராமல் வாழ்கிறார்கள்.

அவர்களுக்கு மனநல மருத்துவம் தருவது என்ன? நீடித்த துயர்க் கோளாறு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் கடந்தும், அவரவர் பண்பாடும் சமயமும் எதிர்பார்க்கும் அளவை மிஞ்சியும் துயர் தொடர்ந்தால் அது கோளாறு. வரையறை கவனமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் துக்கத்தைத் தொடங்கவும் முடிக்கவும் பண்பாடு தந்த நாட்களே பறிக்கப்பட்டபோது, மிஞ்சியதா இல்லையா என்று எதைக்கொண்டு அளப்பது? இன்னும் தொடங்காத துக்கத்தை நீடித்த துக்கம் என்று குறிப்பது நோயாளிக்கு இழைக்கும் இன்னோர் அநீதி. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் உதவி எண் பலருக்குப் பயன்பட்டிருக்கும். அதன் தேவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாவு வீட்டில் யாரும் அழைக்காமலே ஊர் வந்தது. உதவி எண்ணிலோ துயருற்றவரே எண்களை அழுத்த வேண்டும்.

துக்கத்துக்கு இன்னொரு வாசல் உண்டு, அது காகிதம். இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படாதவர்களின் குடும்பங்கள் இழப்பீட்டையும் இழந்தன, நடந்தது இன்னது என்ற ஏற்பையும் இழந்தன. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே 50,000 ரூபாய் நிவாரணமும், சான்றிதழைத் திருத்தும் வழியும் வந்தன. 2020, 2021 ஆகிய ஈராண்டில் இந்தியாவில் 47 லட்சம் மிகை மரணங்கள் நேர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. அந்த ஈராண்டுக்கான அரசின் கணக்கு ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. இடைவெளியில் நிற்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாவு நேர்ந்தது. சாவின் பெயர் மட்டும் மறுக்கப்பட்டது. சமூகம் ஏற்றுக்கொள்ளாத துயரை ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இலேயே தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இங்கே அந்த ஏற்பை மறுத்தது அண்டை வீட்டார் மட்டுமல்ல, பதிவேடும்தான்.

செய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன. காலம் கடந்த துக்கத்துக்கு முறை இல்லை என்றால் அதை உண்டாக்கலாம். ஊராட்சிகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் நூலகங்களும் அந்த ஈராண்டில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, அவர்கள் குடும்பத்தாரோடு ஊரை உட்காரவைக்கும் ஒருநாள் நிகழ்வை நடத்தலாம். மனநலத் துறையினர் அங்கே வந்து அமரட்டும். கேள்விப் படிவத்தோடு வர வேண்டாம். தொற்றுக் காலத்தில் மத வேறுபாடு பாராமல் உடல்களைச் சுமந்து அடக்கிய தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்களையும் அழைக்க வேண்டும். பல குடும்பங்கள் காணாத கடைசி முகத்தைக் கண்டவர்கள் அவர்கள்.

சட்டத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். தொற்றால் இறந்தவரின் முகத்தைக் காண்பதும், தொடாமல் செய்யத்தக்க சடங்கைச் செய்வதும், அவரவர் சமய முறைப்படி புதைப்பதும் எரிப்பதும் குடும்பத்தின் உரிமை. மறுக்கும் அலுவலர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதியைத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். வழிகாட்டு நெறியாக 2020 மார்ச்சில் இருந்த அனுமதி பிணவறை வாசலில் மக்களைக் காக்கவில்லை. அடுத்த தொற்று வருமுன் அது சட்டமாக வேண்டும்.