நம் கோயில் பிக்-அப்: சேசிஸை மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா?

அன்னதானப் பாத்திரங்களும் வாழை மரங்களும் சுமந்து வரும் நம் கோயில் லேண்ட்ரோவர் பிக்-அப்புக்கு சேசிஸ் மாற்ற உபயம் வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தோம். "மேல பாடி நல்லாத்தானே இருக்கு, அடியில மட்டும் எப்படிங்க இப்படி அரிச்சிருக்கு?" என்று நிறைய பேர் கேட்டீர்கள். "ஒரு செகண்ட்ஹேண்ட் ஹைலக்ஸ் வாங்கிடலாமே" என்றும் சிலர். இரண்டுமே நியாயமான கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் தேட 1947-க்குப் போக வேண்டும். போர் முடிந்த இங்கிலாந்தில் எஃகு தாராளமாகக் கிடைக்காது, ரேஷன்தான். ரோவர் கம்பெனியின் இன்ஜினியர் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணை வேலைக்குப் பழைய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதே மாதிரி ஒன்றை நாமே செய்தால் என்ன என்று யோசித்ததுதான் ஆரம்பம். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் வெளியே வந்தது.

எஃகு இல்லாததால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் மழையில் நின்றும் நம் வண்டியின் கதவும் மட்கார்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பாரம் சுமக்கும் சேசிஸ் எஃகு. பெரிய அச்சு மெஷினுக்குச் செலவு செய்யாமல், நாலு தட்டையான தகடுகளை ஓரத்தில் வெல்டிங் அடித்து நீளமான பெட்டி மாதிரி ஆக்கினார்கள். நல்ல பலம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் போன சேறும் தண்ணீரும் அவ்வளவு சுலபத்தில் வெளியே வராது. வெளியே பெயிண்ட் இருக்க, உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும்.

இதில் ஒரு வேடிக்கை. விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்த 48 வண்டிகளின் சேசிஸுக்குத் துத்தநாகப் பூச்சு (நாம் கால்வனைஸ் என்கிறோமே, அதுதான்) கொடுத்திருந்தார்கள். விற்பனைக்கு வந்ததில் அது கிடையாது, வெறும் பெயிண்ட். இன்று உலகம் முழுக்க லேண்ட்ரோவர்காரர்கள் காசு கொடுத்து வாங்குவது அதே கால்வனைஸ் சேசிஸைத்தான்!

சரி, சேசிஸை மாற்றினால் அது பழைய வண்டிதானா? நம் பெரியவர் ஒருவர் கேட்டது இது. இங்கிலாந்தில் இதற்கு ரொம்ப நாள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பழைய நம்பரைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டும். சேசிஸுக்கு மட்டும் 5, இன்ஜினுக்கு வெறும் 1. ஆனால் அதே ரகத்தில் புது சேசிஸ் போட்டாலும் அந்த 5 உண்டு. விற்பனைக்கென்று செய்த முதல் லேண்ட்ரோவர், ஜேயூஇ 477, பல வருஷம் வெட்டவெளியில் கிடந்தது. அதைச் சீர்செய்தவர்கள் முடிந்தவரை பழைய பாகங்களையே காப்பாற்றினார்கள். அது சரிதான், அங்கே பழைய இரும்புக்கே மதிப்பு. நம் வண்டி காட்சிக்கு நிற்பதில்லை. பின்னால் தண்ணீர்த் தொட்டி ஏறுகிறது, சில சமயம் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போர்மேன் அடியில் படுத்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பின் குறுக்குச் சட்டமும் பக்கத் தாங்கிகளும் மட்டும் போயிருந்தால் வெட்டி ஒட்டியிருப்போம். அவை எல்லா லேண்ட்ரோவரிலும் முதலில் போகிற இடம். ஆனால் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் நீளச் சட்டமே 'டொக்' என்று உள்ளே போனது. அங்கே ஒட்டுப் போட்டால் மெல்லிய தகட்டோடுதான் வெல்டிங் பிடிக்கும், அடுத்த மழைக்காலத்துக்குள் பக்கத்தில் விடும்.

ஹைலக்ஸ் பற்றி: நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் கீழே இருப்பது எஃகு சேசிஸ்தான். அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரை வந்த டகோமா பிக்-அப்களின் சேசிஸ் துருவுக்காக டொயோட்டா 2008-இல் 15 வருட வாரண்டி கொடுக்க வேண்டி வந்தது. லேண்ட்ரோவரில் பாடி முழுக்க போல்ட்டில் நிற்கிறது, கழற்றித் தூக்கி புது சேசிஸில் இறக்கலாம்.

ஆகவே மாற்றுவது என்று முடிவு, கால்வனைஸ்தான். சேசிஸ் நம்பர் வண்டிப் பதிவில் இருப்பதால் முதலில் ஜேபிஜேயிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வந்த பிறகுதான் ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவோம். நம்பர் அடித்த பழைய துண்டையும் தூக்கிப் போடப் போவதில்லை. உபயத் தொகையின் வரவு செலவு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதுவரை பின்னால் யாரும் ஏற வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.